300 என்று எழுதிவிட்டால் படம் தெளிந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளியாகும் நினைவஞ்சலி, மணிவிழா வாழ்த்து போன்ற விளம்பரங்களில், பக்கத்திலேயே உள்ள செய்திப் படம் தெளிவாக இருக்க, அதே தாளில் அதே மையில் அச்சான விளம்பரத்தில் உள்ளவரின் முகம் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தோ, மூக்கும் முழியும் மழுங்கியோ வருவதை வாசகர்கள் பலர் கவனித்திருப்பார்கள். இதற்கு அச்சு இயந்திரத்தின் மீது பழி போட இடமில்லை. படம் அச்சகத்தின் வாசலை மிதிப்பதற்கு முன்பே, டிசைன் செய்யும் கணினியில், ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு நிறப் புள்ளி) என்று குறிக்கும் ரெசல்யூஷன் என்னும் அந்த ஒரு சிறிய கட்டத்தைப் பற்றிய தவறான புரிதலால் கெட்டுப்போய்விடுகிறது. வடசென்னையில் டிடிபி (கணினியில் பக்கம் அமைத்தல்), டிசைன் வேலையில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில், இதைப் பற்றித் தங்கள் வாசகர்களுடனும், தங்கள் விளம்பரப் பிரிவுடனும் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் இரண்டு தெருவுக்கு ஒரு டிசைன் கடையாவது கண்ணில் படுகிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கடைப் பலகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், டியூஷன் சென்டர் நோட்டீஸ் என எல்லாமே அங்கேதான் உருவாகின்றன. அவற்றில் பல, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய அட்டையிலும் தாளிலும் அச்சாகி வீடு வந்து சேர்கின்றன. இந்தக் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கைவேகத்திலும் கற்பனையிலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால், பயிற்சி நிலையங்களில் அவர்களுக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: பிரின்டுக்கு 300, ஸ்கிரீனுக்கு 72. இது பாதி வாக்கியம். எத்தனை இன்ச் அகலத்துக்கு 300 என்ற மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அந்த மறுபாதி இல்லாமல் 300 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது.

டிஜிட்டல் படம் ஒன்றில் உண்மையாக இருப்பது பிக்சல்கள் மட்டுமே. அதற்கு இன்ச் கணக்கு கிடையாது. அகலத்தில் 1,200, உயரத்தில் 1,800 பிக்சல் உள்ள ஒரு படத்தை 4-க்கு 6 இன்ச் அளவில் அச்சடித்தால், ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல் விழும். அதே படத்தை 8-க்கு 12 இன்ச்சாக அச்சடித்தால் 150 ஆகிவிடும். 16-க்கு 24 என்றால் 75-தான். படம் மாறவில்லை, அது பரவும் இடம்தான் மாறியது. பிக்சல் எண்ணிக்கை, அச்சு அளவு, ரெசல்யூஷன் ஆகிய மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைக் கணக்குப் போட்டுவிடலாம். வங்கிப் பணியாளர் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ்., விண்ணப்பத்துடன் கேட்கும் இடது கட்டைவிரல் ரேகையின் படத்துக்கு 240-க்கு 240 பிக்சல், 200 டிபிஐ (இன்ச்சுக்கு 200 புள்ளி), அதாவது 3-க்கு 3 சென்டிமீட்டர் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. 240-ஐ 200-ஆல் வகுத்தால் 1.2 இன்ச், அது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். பயிற்சி நிலையங்களில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இனி ஃபோட்டோஷாப்பில் நடப்பதைப் பார்ப்போம். இமேஜ் மெனுவில் இமேஜ் சைஸ் என்பதைத் திறந்தால், அகலம், உயரம், ரெசல்யூஷன் ஆகிய கட்டங்களுக்குக் கீழே ரீசாம்பிள், அதாவது பிக்சல் எண்ணிக்கையையே மாற்றலாம் என்று அனுமதிக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும். அந்த டிக் இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பலருடைய கண் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. 12 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்த, 4,000-க்கு 3,000 பிக்சல் கொண்ட ஒரு படம் 72 ரெசல்யூஷன் என்ற குறிப்போடு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அகலம் 55 இன்ச்சுக்கும் மேல் என்று காட்டும். ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு ரெசல்யூஷனை 300 என்று மாற்றினால், அகலம் 13.3 இன்ச், உயரம் 10 இன்ச் என்று சுருங்கிவிடும். ஒரு பிக்சல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏ4 தாள் முழுவதும் 300-இல் அச்சடிக்கத் தேவையானது 2,480-க்கு 3,508 பிக்சல்தான் என்பதால், அந்தப் படம் எந்தக் கவலையும் இல்லாமல் போதும். 72 என்று காட்டுகிறதே, இது தேறாது என்று நல்ல படத்தை ஒதுக்கித் தள்ளுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறானதுதான் அதிகம் நடக்கிறது. இணையத்திலிருந்து எடுத்த 800-க்கு 600 பிக்சல் படம் ஒன்றை, ரீசாம்பிள் டிக் இருக்கும்போதே 72-லிருந்து 300-க்கு மாற்றுகிறார்கள். உடனே படம் 3,333-க்கு 2,500 பிக்சலாக வளர்ந்துவிடுகிறது. 4,80,000 பிக்சலாக இருந்தது 83 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 17 மடங்கு. அதாவது, இப்போது திரையில் இருக்கும் ஒவ்வொரு 17 பிக்சலிலும் ஒன்றுக்குத்தான் கேமரா சாட்சி. மீதி 16-ஐயும் மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து ஊகித்து நிரப்பியிருக்கிறது. காசிமேட்டு மீனவர்களுக்கு இது எளிதில் புரியும்: பெரிய கண் வலையில் தப்பிப்போன நெத்திலியை, கரைக்கு வந்த பிறகு வலையைச் சிறு கண்ணாகப் பின்னி மீட்க முடியாது. கட்டத்தில் 300 என்று இருக்கும், ஃபைலின் எடையும் கூடியிருக்கும், அச்சகத்தில் கேட்டால் 300 இருக்கிறது என்று பதிலும் சொல்லலாம். முகம் மட்டும் தெளியாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இந்த வேலையைத் திறமையாகச் செய்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். 2021-இல் அடோபி கொண்டுவந்த சூப்பர் ரெசல்யூஷன் வசதி, அகலத்தையும் உயரத்தையும் இரண்டிரண்டு மடங்காக்கி நான்கு மடங்கு பிக்சலைத் தருகிறது. பூ, கட்டடம், இயற்கைக் காட்சி போன்றவற்றுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஆனால், நூறு பிக்சல் அகலமே உள்ள ஒரு முகத்தை இத்தகைய கருவி எதிலாவது கொடுத்தால், வெளியே வருவது அந்த மனிதரின் முகம் அல்ல. எண்ணற்ற முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல், இப்படித்தான் இருந்திருக்கும் என்று வரைந்து தரும் ஒரு முகம். கன்னத்து மச்சம் போய்விடுகிறது. நெற்றிச் சுருக்கம் வழவழப்பாகிவிடுகிறது. கண் வேறு யாருடைய கண்ணாகவோ ஆகிவிடுகிறது. இறந்துபோன தகப்பனாரின் நினைவுக்காகக் கொடுக்கும் விளம்பரத்தில் அவர் முகத்தையே மாற்றிவிடுவது எனக்கு ஒப்புதலான செயல் அல்ல. மங்கலாக இருந்தாலும் உண்மையான படத்தைச் சிறிய அளவில் போடுவதே குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததால்தான் படம் கெட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவதிலும் முழு உண்மை இல்லை. வழக்கமான முறையில் அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கத்தான் செய்கிறது. அப்படிச் சுருங்கிய படம் 1,600-க்கு 1,200 பிக்சல் இருந்தால்கூட, 300 ரெசல்யூஷனில் 5 இன்ச்சுக்கு மேல் அகலமாக வரும்; நாளிதழின் சிறிய விளம்பரத்துக்கு அது தாராளம். கேடு எங்கே வருகிறது என்றால், வெட்டி எடுப்பதில். கல்யாண வீட்டில் இருபது பேர் நிற்கும் குழுப் படத்தில், பின்வரிசையில் உள்ள ஒருவரின் முகத்தை மட்டும் வெட்டினால், கையில் மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது பிக்சல் அகலம்தான். அதை நான்கு இன்ச்சுக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, குழுப் படத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால், முதலில் படம் எடுத்தவரின் கைபேசியில் இருக்கும் மூலப் படத்தைத் தேடி, அதை டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்குவதில்லை. கைபேசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம்.

பழைய தலைமுறையினரின் படங்கள் பல வீடுகளில் பாஸ்போர்ட் அளவில்தான் இருக்கின்றன. அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவதைவிட, அருகிலுள்ள கடையில் ஸ்கேன் செய்வது நல்லது. அப்போதும் ஸ்கேனரில் 300 என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 35-க்கு 45 மில்லிமீட்டர் படத்தை 300-இல் ஸ்கேன் செய்தால் 413-க்கு 531 பிக்சல்தான் கிடைக்கும். 1,200-இல் ஸ்கேன் செய்தால் 1,654-க்கு 2,126 கிடைக்கும். அதை 300 ரெசல்யூஷனில் 14-க்கு 18 சென்டிமீட்டர் வரை பெரிதாக்கலாம். தாளில் இல்லாத நுணுக்கத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது என்பது உண்மைதான். ஆனாலும், தாளில் இருப்பதை முழுவதும் வாங்கிக்கொள்வதற்கு முன்பே நிறுத்திவிடுவது நம் கையால் நாமே இழப்பது. ஸ்கேனரின் ஆப்டிகல் ரெசல்யூஷன், அதாவது அதன் லென்ஸும் சென்சாரும் உண்மையாகவே படிக்கும் அளவு எவ்வளவோ அதுவரை மட்டும் போக வேண்டும். அதற்கு மேல் காட்டும் எண்களெல்லாம் முன்சொன்ன ஊகக் கணக்கைச் சேர்ந்தவை.

நம் பகுதியில் ஃபோட்டோஷாப்பைவிடக் கோரல்டிராவில் வேலை செய்பவர்களே மிகுதி. கோரலில் வரைந்த கோடும் எழுத்தும் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்பதால், கோரலில் வைத்த புகைப்படமும் உடையாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. புகைப்படம் கோரலுக்குள் வந்தாலும் பிக்சல் படம்தான். பக்கத்தில் வைத்த படத்தின் மீது ஒரு முறை கிளிக் செய்தால், கீழேயுள்ள நிலைப் பட்டையில் அதன் டிபிஐ எண் தெரியும். மூலையைப் பிடித்து இழுத்து இரண்டு மடங்காக்கினால் அந்த எண் பாதியாகிவிடும். வேலையை முடித்து ஃபைலைக் கொடுப்பதற்கு முன் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படத்தையும் கிளிக் செய்து அந்த எண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் இதையே எஃபெக்டிவ் பிபிஐ என்று தனியாகக் காட்டுகிறார்கள்.

கோரலில் டாக்குமென்டுக்கென்றே ரெண்டரிங் ரெசல்யூஷன் என்று ஓர் அமைப்பும் உண்டு. அது புகைப்படங்களுக்கானது அல்ல. எழுத்துக்குப் பின்னால் போடும் நிழல், ஊடுருவும் நிறம் போன்றவற்றை மென்பொருள் பிக்சலாக மாற்றும்போது எவ்வளவு நுணுக்கமாக மாற்ற வேண்டும் என்பதற்கானது. கல்யாணப் பத்திரிகைக்கு அதை 300-இல் வைத்திருப்பது சரி. பத்து அடிப் பலகையை உண்மை அளவில் வடிவமைக்கும்போதும் அதே 300-இல் விட்டுவிட்டால், ஒரு நிழலைப் போட்டதும் கணினி திணறி நின்றுவிடும்.

ஃபோட்டோஷாப்பில் வேறொரு சிக்கல். ஏ4 பக்கத்தை 72 ரெசல்யூஷனில் தொடங்கினால் அந்தப் பக்கமே 595-க்கு 842 பிக்சல்தான். நல்ல படத்தைக் காப்பி செய்து அதில் ஒட்டிப் பக்கத்துக்குத் தகுந்தபடி சிறிதாக்கியதும், மிச்ச பிக்சல்கள் போய்விடுகின்றன. கடைசியில் டாக்குமென்டை 300-க்கு மாற்றினாலும் அவை திரும்புவதில்லை. படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலப் படத்தை உள்ளே அப்படியே வைத்திருக்கும் அடுக்காக) வைத்திருந்தால் மூலப் பிக்சல்கள் பத்திரமாக இருக்கும். அதையும்விட, அச்சு அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரெசல்யூஷனைத் தொடக்கத்திலேயே சரியாக வைத்துவிட்டுக் கையை மவுஸில் வைப்பதே முறையான வழக்கம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனி மெனுவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்: பிரின்ட் சைஸ் என்பது பிக்சலைத் தொடாது, ஸ்கேல் இமேஜ் என்பது தொடும். கற்றுக்கொள்பவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஒன்று உண்டு. டிசைன் முடிந்ததும், பிழை பார்ப்பதற்காக வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஜேபெக் அனுப்புவது வழக்கம். அது பார்ப்பதற்கு மட்டும் என்பதால் 96 ரெசல்யூஷனில் எக்ஸ்போர்ட் செய்வார்கள். வாடிக்கையாளர் அதையே இன்னோர் அச்சகத்துக்கோ, விளம்பர ஏஜென்டுக்கோ அனுப்பிவிடுகிறார். அவர்களும் ஒன்றும் கேட்காமல் அச்சடித்துவிடுகிறார்கள். ஏ5 நோட்டீஸ் ஒன்று அப்படி வந்தால் 559-க்கு 794 பிக்சல்தான் இருக்கும். அதில் 8 பாயின்ட் தமிழ் எழுத்துக்கு, மேல்கீழ் இடைவெளி உட்பட, 11 பிக்சல்கூடக் கிடையாது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி ஒரு பிக்சலில் நின்று, ஜேபெக் சுருக்கத்தில் அதுவும் சாம்பல் கறையாகி மறைகிறது. ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஐகாரத்தின் கொக்கி அடைபட்டுப்போகிறது. ஆங்கில எழுத்து இந்த நிலையிலும் ஒருவாறு படிக்க வரும். சுழியும் புள்ளியும் நிறைந்த நம் எழுத்து வராது. எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது கோட்டு வடிவங்கள் ஆக்கிய பிடிஎஃப் ஃபைலைக் கொடுத்தால் எழுத்து எந்த அளவிலும் கூர்மையாக அச்சாகும். சரிபார்க்க அனுப்பும் படத்தின் குறுக்கே, அச்சுக்கு அல்ல என்று பெரிதாக எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

ரெசல்யூஷன் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. கண் நலமாக உள்ளவர் ஓரடித் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது ஒரு இன்ச்சில் ஏறத்தாழ 290 புள்ளிகளுக்கு மேல் தனித்தனியாகப் பிரித்தறிய இயலாது. கையில் வைத்துப் படிக்கும் அச்சுக்கு 300 போதுமானதாக இருப்பது இதனால்தான். பத்தடித் தொலைவில் நின்று பார்க்கும் பலகைக்கு இன்ச்சுக்கு 30 புள்ளியே கண்ணின் எல்லை. அப்படியிருக்க, 10-க்கு 4 அடிக் கடைப் பலகையை 300-இல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது 36,000-க்கு 14,400 பிக்சல். நான்கு வண்ணத்தில் 2 ஜிபியைத் தாண்டும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் வகை அகலத்திலோ உயரத்திலோ 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது என்பதால் அந்த வகையில் சேமிக்கவும் முடியாது. அதே பலகைக்கு 72 வைத்தால் 8,640-க்கு 3,456 பிக்சல். சாலையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அச்சுத் துறையில் 300 என்பது திரை வரிக் கணக்கிலிருந்து, அதாவது படத்தை அச்சிடும் மைப்புள்ளிகள் ஒரு இன்ச்சில் எத்தனை வரிசையாக அமைகின்றன என்ற கணக்கிலிருந்து வந்தது. நல்ல ஆர்ட் பேப்பரில் இன்ச்சுக்கு 150 வரித் திரையில் அச்சடிக்கும்போது, அதன் இரு மடங்கான 300 பிக்சல் கொடுப்பது வழக்கம். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் தன்மையுடையது என்பதால் அதற்குத் திரை வரி குறைவு. ஆகவே பொதுவாக 200 ரெசல்யூஷன் போதும். 10 சென்டிமீட்டர் அகலத்தில் படம் வர வேண்டுமானால், 800 பிக்சல் அகலம் இருந்தால் சரியாக இருக்கும். இவ்வளவுதான் தேவை என்று தெரிந்தால் எத்தனையோ குடும்பங்கள் தம்மிடமுள்ள நல்ல படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

ஐ.டி.ஐ.களில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கும், தனியார் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் செய்முறைத் தேர்விலேயே இதைச் சேர்க்க வேண்டும். ஒரு படத்தைக் கொடுத்து, இது எத்தனை இன்ச் வரை தாங்கும் என்று கேட்டால் போதும்; கூட்டல் வகுத்தல் தெரிந்த எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது இரண்டு. விளம்பரக் கட்டண அறிவிப்பில், ஒவ்வொரு விளம்பர அளவுக்கும் படத்தின் அகலம் குறைந்தது எத்தனை பிக்சல் இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். 300 டிபிஐ படம் தேவை என்று மட்டும் எழுதினால், மேலே சொன்ன போலி 300-தான் வந்து சேரும். இரண்டாவது, நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வருவோர் துக்கத்தோடு வருகிறவர்கள். பிக்சலை எண்ணிப் பார்க்கும் மனநிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே, படத்தை வாங்கும் விளம்பரப் பிரிவு ஊழியரோ ஏஜென்டோ அங்கேயே அதைத் திறந்து பார்த்து, போதாது என்றால் வேறு படம் உண்டா, மூலப் படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வாங்குமாறும், வேறு படமே இல்லையெனில் இருக்கும் படத்தை அது தாங்கும் அளவுக்குள் வைத்து விளம்பரத்தை அமைத்துத் தருமாறும் அவர்களுக்கு அறிவுறுத்தும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
டிடிபி வடிவமைப்பாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.